உயரும் மாடிகள், எட்டாத குரல்

புது தில்லி: மும்பையில் தமிழர்கள் செறிந்து வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளும் இப்போது தரையிலிருந்து வானத்தை நோக்கிக் குடிபெயர்ந்து கொண்டிருக்கின்றன. செம்பூர் திலக் நகரில் வீட்டு வசதி வாரியத்தின் பழைய குடியிருப்புகள் இருந்த இடங்களில் பன்மாடிக் கட்டடங்கள் எழுந்து ஆண்டுகள் பலவாகின்றன. மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, உயரக் கட்டடங்களுக்கு இடம் விடுகின்றன. ஏறத்தாழ 240 ஹெக்டேர் பரப்புள்ள தாராவியை அடியோடு மாற்றியமைக்கும் பெருந்திட்டத்துக்கு மகாராஷ்டிர அரசு 2025 மே மாதத்தில் ஒப்புதல் அளித்தது.

தாராவித் திட்டம் குறித்த அரசியல் வாதங்கள் அனைத்தும் வாசகர்கள் அறிந்தவையே. யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை? 350 சதுர அடி போதுமா? தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்படுவோரை தேவ்னார் குப்பைமேட்டு நிலத்துக்கு அனுப்புவது நியாயமா? அதானி குழுமத்துக்குக் கிடைக்கும் கட்டுமான உரிமைகளின் மதிப்பு என்ன? இவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள்தாம். ஆனால், மும்பையில் அடுத்தடுத்து நிகழ்ந்துள்ள அடுக்குமாடித் தீவிபத்துகளைப் பார்க்கும்போது வேறொரு கேள்வியும் எழுகிறது. இருபதாவது மாடியில் புகைக்கு நடுவே நிற்கும் தீயணைப்பு வீரர், தரையில் நிற்கும் தம் அதிகாரியுடன் பேச முடியுமா?

கேட்பதற்குச் சிறிய தொழில்நுட்ப விவகாரமாகத் தோன்றும். உயர்ந்த கட்டடத்தில் உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் இந்த ஒன்றைப் பொறுத்தே அமைகிறது என்பதை உலக அனுபவம் காட்டுகிறது.

செம்பூரிலிருந்தே தொடங்கலாம்

2018 டிசம்பர் 27-ம் தேதி இரவு திலக் நகர் சர்கம் குடியிருப்பின் மேல்தளங்களில் ஏற்பட்ட தீயில் ஐந்து பேர் இறந்தனர். அவர்களில் நால்வர் முதியவர்கள். அதே திலக் நகரில் 2022 அக்டோபரில் மற்றொரு பன்மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தபோது, வீட்டுக்குள் சிக்கிக்கொண்டோர் ஜன்னலுக்கு வெளியே தொங்கி நின்ற காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அன்று உயிரிழப்பு இல்லை.

கரி ரோடு அவிக்னா பார்க் 60 மாடிக் கட்டடம். 2021 அக்டோபர் 22-ல் அதன் 19-வது மாடியில் தீ பரவியபோது பால்கனியில் சிக்கிய காவலாளி கீழே விழுந்து இறந்தார். மூன்று மாதங்கள் கழித்து, 2022 ஜனவரி 22-ல், தார்தேவில் 20 மாடிக் கட்டடம் ஒன்றில் குறைந்தது ஆறு பேர் பலியாயினர். பணக்காரர்களின் மாளிகைகளில் மட்டும்தான் இது நிகழ்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 2023 அக்டோபர் 6-ம் தேதி அதிகாலையில் கோரேகாவில் எரிந்த ஜெய் பவானி கட்டடம், குடிசைவாசிகளுக்கு மாற்று வீடாகக் கட்டித்தரப்பட்ட அடுக்குமாடிக் கட்டடம். தரைத்தளத்தில் வாகனங்களும் துணிக் குவியல்களும் பற்றிக்கொள்ள, புகை மாடிப்படி வழியே மேலேறியது. குறைந்தது ஏழு பேர் இறந்தனர்; ஏறத்தாழ 50 பேர் காயமடைந்தனர். தாராவி மக்களுக்கு வாக்களிக்கப்படுவதும் இதே வகை வீடுதான். உயரம் மட்டும் பன்மடங்கு அதிகம்.

தீயணைப்புப் படையினரின் கணக்கைத் தனியே பார்க்க வேண்டும். 2014 ஜூலை 18-ம் தேதி அந்தேரியில் கண்ணாடிச் சுவர் போர்த்திய லோட்டஸ் வணிக வளாகத்தின் மேல்தளங்களில் தீப்பிடித்தது. தீயை அணைக்க மேலே சென்ற வீரர்கள் பலர் உச்சியில் சிக்கிக்கொண்டனர். ஒருவர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு மே 9-ம் தேதி காலபாதேவியில் பழைய கோகுல் நிவாஸ் கட்டடம் தீயில் இடிந்து விழுந்தது. மும்பை தீயணைப்புப் படையின் தலைமை அதிகாரி சுனில் நேஸ்ரிகர் உள்பட நான்கு மூத்த அதிகாரிகளை அந்த ஒரே விபத்தில் படை பறிகொடுத்தது. 1944 ஏப்ரல் 14-ல் மும்பைத் துறைமுகத்தில் வெடிபொருள் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் மாண்ட நாளைத்தான் ஆண்டுதோறும் தீயணைப்புச் சேவை நாளாக நாடு கடைப்பிடிக்கிறது. அதற்குப் பின் அப்படைக்கு நேர்ந்த பெரும் இழப்புகளுள் ஒன்று காலபாதேவி.

இந்த விபத்துகளுக்கெல்லாம் வயர்லெஸ் பழுதுதான் காரணம் என்று கூறுவதற்கில்லை. மின்கசிவு, இயங்காத தண்ணீர்க் குழாய்கள், பொருள்களால் அடைபட்ட மாடிப்படிகள், அனுமதியின்றி நடந்த மாற்றங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஆனால், ஒவ்வொரு விபத்திலும் உள்ளே சென்ற வீரர்களின் உயிர் இரண்டு இழைகளில் தொங்கியது. ஒன்று, முதுகில் சுமந்த காற்று உருளை. மற்றொன்று, தோளில் மாட்டிய வயர்லெஸ் கருவி. உருளையில் எவ்வளவு காற்று மீதம் இருக்கிறது என்பதை அளவுமானி காட்டும். வயர்லெஸ்ஸில் கூறியது கீழே சென்று சேர்ந்ததா என்பதைக் காட்ட எந்த மானியும் இல்லை. பதில் வராதபோதுதான் தெரியும்.

ஏணி முடியும் இடம்

மும்பை தீயணைப்புப் படையிடம் 90 மீட்டர் வரை எட்டும் ஏணி மேடை உண்டு. இந்திய நகரங்களில் இது பெரிய வசதிதான். மாடிக்கு மூன்று மீட்டர் என்று கொண்டால் 30 மாடி. லோவர் பரேலில் நிற்கும் வேர்ல்ட் ஒன் கட்டடத்தின் உயரமோ 280 மீட்டர். தவிரவும், தாராவி போன்ற இடத்தின் சந்துகளில் அந்தப் பெரிய வண்டி நுழைந்து, தாங்கு கால்களை விரித்து நிற்க இடம் வேண்டுமே! ஆகவே, உயரக் கட்டடத் தீயை வெளியிலிருந்து அணைக்க முடியாது. உள்ளே ஏறிச் சென்றுதான் அணைத்தாக வேண்டும். ஏணி முடியும் இடத்தில் வயர்லெஸ்ஸின் வேலை தொடங்குகிறது.

உள்ளே செல்லும் குழுவுக்குக் கீழிருந்து தெரிய வேண்டியவை பல. எந்த வீட்டிலிருந்து 101 எண்ணுக்கு அழைப்பு வந்தது? எத்தனை பேர் சிக்கியுள்ளனர்? வெளிச்சுவர் வழியே தீ மேல்மாடிக்குத் தாவிவிட்டதா? கீழே இருப்பவர்களுக்கும் மேலிருந்து செய்தி வேண்டும். குழாயில் தண்ணீர் அழுத்தம் இருக்கிறதா, மாற்றுக் குழு எப்போது வர வேண்டும், கூரை தளர்கிறதா என்பவை அவை. சுவர் வெடித்ததைக் கண்ட அதிகாரி "எல்லோரும் வெளியேறுங்கள்" என்று ஆணையிட்டால், அது ஒரே நொடியில் ஒவ்வொருவர் காதிலும் விழ வேண்டும்.

இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. வீரர்களின் கைக்கருவி சில வாட் திறன் மட்டுமே கொண்டது. திறந்த வெளியில் அது பல கிலோமீட்டர் எட்டும். இரும்புக் கம்பி வலை பின்னிய கான்கிரீட் சுவர்கள் நான்கைந்தைக் கடந்தால் அலை நலிந்துவிடும். வெயிலைத் தடுப்பதற்காக மெல்லிய உலோகப் பூச்சிட்ட கண்ணாடி, வெப்பத்தைத் திருப்புவதுபோல வானொலி அலையையும் திருப்பிவிடுகிறது. தரைக்குக் கீழே இரண்டு மூன்று தளங்களாக அமைக்கப்படும் வாகன நிறுத்துமிடங்கள் ஏறக்குறைய முழு ஊமைப் பகுதிகள். இவற்றைவிட முக்கியம், தீயணைப்பு வீரர் எங்கே நிற்பார் என்பது. ஜன்னலோரத்தில் அல்ல, கட்டடத்தின் நடு முதுகெலும்பாக விளங்கும் மாடிப்படிக் கூண்டிலும் மின்தூக்கி முன்கூடத்திலும்தான். பாதுகாப்புக்காகவே அந்தக் கூண்டு மிகத் தடித்த கான்கிரீட்டில் கட்டப்படுகிறது. தீயைத் தடுக்கும் சுவரே அலையையும் தடுக்கிறது.

கைபேசி இருக்கிறதே என்று கேட்கலாம். அடுக்குமாடிக்குள் கைபேசி இயங்குவதற்குக் காரணமான உட்புற அலைபரப்புக் கருவிகள் பலவும் கட்டடத்தின் மின்சாரத்தை நம்பியிருப்பவை. தீ என்றதும் முதலில் துண்டிக்கப்படுவது மின்சாரம். மேலும், ஒரு கட்டடம் எரியும்போது அதில் வசிக்கும் அனைவரும் அவர்களின் உறவினரும் ஒரே நேரத்தில் அழைக்கின்றனர். முகமூடியும் கையுறையும் அணிந்தவர் தொடுதிரையைத் தடவி எண்ணைத் தேடவும் முடியாது. வயர்லெஸ்ஸில் ஒரு பொத்தானை அமுக்கினால் பேச்சு அத்தனை பேருக்கும் கேட்கும். அந்தக் குணம் வேறெதற்கும் கிடையாது.

நியூயார்க்கும் லண்டனும் கற்ற பாடம்

2001 செப்டம்பர் 11 நியூயார்க் தாக்குதலில் தீயணைப்புத் துறையினர் 343 பேர் மாண்டனர். உலக வர்த்தக மையத்தில் 1993-ல் நடந்த குண்டுவெடிப்பின்போதே கட்டடத்துக்குள் வயர்லெஸ் சரிவர எட்டவில்லை என்பது தெரிந்து, சமிக்ஞையை வாங்கிப் பெருக்கி மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டர் கருவி பொருத்தப்பட்டிருந்தது. தாக்குதல் நாளன்று வடக்குக் கோபுரத்தில் இருந்த அதிகாரிகள் அதைச் சோதித்துப் பார்த்து, இயங்கவில்லை என்று முடிவு செய்து கைவிட்டனர். கருவி பழுதாகவில்லை. இயக்குவதற்கான பொத்தான்களில் ஒன்று அமுக்கப்படாமல் இருந்தது என்று பின்னர் விசாரணை ஆணையம் கண்டறிந்தது. தெற்குக் கோபுரத்தில் அதே கருவியின் துணையோடு ஓரியோ பாமர் என்ற அதிகாரி 78-வது மாடி வரை ஏறிச் சென்று, அங்கிருந்து கீழே பேசினார்.

தெற்குக் கோபுரம் காலை 9.59 மணி அளவில் சரிந்தது. வடக்குக் கோபுரத்திலிருந்து வெளியேறுமாறு உடனே ஆணை பிறந்தது. அக்கோபுரம் 10.28-க்குத்தான் வீழ்ந்தது. இடைப்பட்ட 29 நிமிடங்களில் அந்த ஆணையைக் கேட்டவர்கள் இருந்தனர், கேளாதவர்களும் இருந்தனர். பக்கத்துக் கோபுரம் விழுந்துவிட்டது என்பதே உள்ளே இருந்த பலருக்குத் தெரியாது.

லண்டனின் கதை வேறு வகையில் கசப்பானது. 1987 நவம்பர் 18-ல் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத் தீயில் 31 பேர் இறந்தனர். அவர்களுள் தீயணைப்பு அதிகாரி ஒருவரும் அடக்கம். சுரங்கத்துக்குள் தீயணைப்புப் படையின் வயர்லெஸ் எட்டவில்லை என்பது விசாரணையில் வெளியாகி, பரிந்துரைகளும் செய்யப்பட்டன. 2005 ஜூலை 7-ல் அதே சுரங்கங்களில் குண்டுகள் வெடித்தபோது, 18 ஆண்டுகள் கழித்தும் அக்குறை நீங்கியிருக்கவில்லை. லண்டன் மாநகரப் பேரவை 2006-ல் இதைக் கடுமையாகச் சாடியது. கமிஷன் அறிக்கைகள் அலமாரியில் தூங்குவது நம் நாட்டுக்கே உரிய வழக்கம் என்று எண்ணி நாணுவோர் சற்று ஆறுதல் அடையலாம்.

2017 ஜூன் 14-ல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் மாண்டபோதும் வயர்லெஸ் தொடர்பு பலமுறை தடுமாறியது. எந்த வீட்டில் யார் சிக்கியிருக்கிறார்கள் என்ற தகவல் துண்டுச் சீட்டுகளிலும் சுவரிலும் எழுதப்பட்டு, ஆள் மூலம் கைமாறியது. நள்ளிரவு கடந்து 12.54-க்கு முதல் அழைப்பு வந்தது. "வீட்டிலேயே இருங்கள்" என்ற அறிவுரை 2.47-க்குத்தான் கைவிடப்பட்டது. 24 மாடிக் கட்டடம் அது. மும்பையின் கட்டட விதிகளும் உயரக் கட்டடங்களில் குறிப்பிட்ட மாடிகளுக்கு ஒன்று என்று புகலிடத் தளங்களை அமைக்கச் சொல்கின்றன. அங்கே கூடி நில்லுங்கள். உதவி வரும் என்பதே அதன் பொருள். உதவி வருபவருக்கு அந்தத் தளத்தில் ஆள் இருக்கிறது என்ற செய்தி எட்டினால்தான் புகலிடம் புகலிடமாகும்.

நியூயார்க் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கா இதை விதியாக்கியது. 2009-ம் ஆண்டுப் பதிப்பு முதல் அங்குள்ள மாதிரித் தீ விதித்தொகுப்பு, புதிய கட்டடங்களின் ஒவ்வொரு தளத்திலும் 95 சதவீதப் பரப்பில் மீட்புப் படையினரின் வயர்லெஸ் எட்ட வேண்டும் என்கிறது. எட்டாவிட்டால் அதற்கான கருவிகளைக் கட்டட உரிமையாளர் தம் செலவில் பொருத்த வேண்டும். தளத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கருவியால் அளந்து காட்ட வேண்டும். நியூயார்க் நகரம் 2014-ம் ஆண்டுக் கட்டட விதியில் புதிய உயரக் கட்டடங்களுக்குத் தீயணைப்புத் துறையின் துணை வயர்லெஸ் அமைப்பைக் கட்டாயமாக்கியது.

தில்லியில் மூன்று கதவுகள்

நம் நாட்டில் நிலை என்ன? இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட 2016-ம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு, பெரிய கட்டடங்களின் நுழைவுத் தளத்தில் தீக் கட்டுப்பாட்டு அறை வேண்டும். அங்கிருந்து எல்லாத் தளங்களுக்கும் அறிவிக்க ஒலிபெருக்கி வேண்டும். தளங்களிலிருந்து செய்தி பெறும் வசதி வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால், இது குடியிருப்போரை எச்சரித்து வெளியேற்றுவதற்கான ஏற்பாடு. தீயணைப்பு வீரரின் கைக்கருவி ஒவ்வொரு தளத்திலும் எட்டுகிறதா என்று அளந்து பார்த்த பின்னரே குடியேற்றச் சான்று வழங்கப்படும் என்ற நிபந்தனை பொது நடைமுறையாக இங்கே வேரூன்றவில்லை. தேசிய விதித்தொகுப்போ பரிந்துரை வடிவிலானது. மாநிலங்களும் மாநகராட்சிகளும் தத்தம் விதிகளில் ஏற்றுக்கொண்டால்தான் அதற்கு உயிர்.

தீயணைப்புச் சேவையை அரசியல் சாசனம் 12-வது அட்டவணையில் உள்ளாட்சியின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. இதைக் காட்டி, மும்பை மாநகராட்சியே ஓர் ஆணை பிறப்பித்து முடித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. காரணம், வானொலி அலை மத்திய அரசின் ஆளுகைக்குட்பட்டது. கட்டட உரிமையாளர் ஒருவர் தாமாகவே முன்வந்து தீயணைப்புப் படையின் அலைவரிசையில் ரிப்பீட்டர் ஒன்றைப் பொருத்தினாலும், தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லையேல் அது சட்டவிரோதம். அந்தக் கண்டிப்புக்கு நியாயமும் உண்டு. தரமற்ற கருவிகளைக் கண்டபடி பொருத்தினால் அவை இரைச்சலைப் பெருக்கி, சுற்றுவட்டாரம் முழுவதிலும் வயர்லெஸ்ஸைக் கெடுத்துவிடும். கைபேசிக்காகத் திருட்டுத்தனமாகப் பொருத்தப்படும் 'பூஸ்டர்' கருவிகளைத் தொலைத்தொடர்புத் துறையினர் பெருநகரங்களில் தேடித்தேடிப் பறிமுதல் செய்வது இதனால்தான்.

ஆக, தாராவியில் எழும் ஒரு கட்டடத்துக்குள் வீரரின் குரல் கேட்க வேண்டுமானால் தில்லியில் மட்டும் மூன்று கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது. விதியை எழுதும் தர நிர்ணய அமைவனம். அலைக்கு உரிமம் தரும் தொலைத்தொடர்புத் துறை. தீயணைப்புச் சேவைகளுக்கு நிதியும் வழிகாட்டுதலும் தரும் உள்துறை அமைச்சகம். இந்த மூன்றையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் பொறுப்பு எவருடையது என்பது தெளிவாக இல்லை. கோப்பு நகராமல் இருப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

உள்துறை அமைச்சகம் 2019 செப்டம்பரில் தீயணைப்பு, அவசரகாலச் சேவைகளுக்கான மாதிரிச் சட்ட முன்வடிவை மாநிலங்களுக்கு அனுப்பியது. 15-வது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, மாநிலத் தீயணைப்புச் சேவைகளை விரிவாக்கி நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை 2023 ஜூலையில் தொடங்கியது. பணமே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால், மாநிலங்கள் இத்தகைய நிதியில் வண்டிகளையும் ஏணிகளையும் வாங்குவதையே விரும்புகின்றன. சிவப்பு வண்டியை அமைச்சர் கொடியசைத்து அனுப்பலாம். சுவருக்குள் ஓடும் கம்பிக்குக் கொடியசைக்க முடியுமா?

அலைக்கற்றை யாருக்கு?

அலைக்கற்றை என்ற சொல்லைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் அது ஆட்சியையே ஆட்டிப் பார்த்த சொல். அதே அலைக்கற்றையில் காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கென்று தனிப் பங்கு வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2018 ஜூன் மாதம் பரிந்துரைத்தது. பொதுப் பாதுகாப்புக்கும் பேரிடர் மீட்புக்குமாக நாடு தழுவிய அகண்ட அலைவரிசை வலையமைப்பு ஒன்றை மத்திய அரசின் செலவில் நிறுவ வேண்டும் என்பது அதன் சாரம். காவலர் ஒரு கருவி, தீயணைப்பு வீரர் ஒரு கருவி, மருத்துவ உதவியாளர் ஒரு கருவி என்று ஒருவரோடொருவர் பேச முடியாமல் நிற்கும் நிலையும் அதனால் மாறியிருக்கும். பரிந்துரை வந்து ஆண்டுகள் பல கடந்தும் அந்த நாடு தழுவிய வலை உருப்பெறவில்லை.

மனம் வைத்தால் நடக்காததல்ல. ரயில்களின் பாதுகாப்புக்காக 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 5 மெகாஹெர்ட்ஸை ரயில்வேக்கு ஒதுக்க மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்தது. 2023-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் பேரிடர் மேலாண்மைக்கும் உயிர், உடைமைப் பாதுகாப்புக்கும் ஏலமின்றி அலைக்கற்றை வழங்க இடமளிக்கிறது. சட்டத் தடை ஏதும் இல்லை.

இன்னொரு விந்தையையும் குறிப்பிட வேண்டும். கட்டடங்களுக்குள் கைபேசியும் இணையமும் எவ்வளவு நன்றாகக் கிடைக்கின்றன என்பதை அளந்து நட்சத்திரத் தரம் வழங்க, 2024 அக்டோபரில் டிராய் தனி ஒழுங்குமுறையையே கொண்டுவந்தது. வீட்டு வரவேற்பறையில் திரைப்படம் தங்குதடையின்றி ஓடுகிறதா என்று அளக்க ஏற்பாடு வந்துவிட்டது. அதே கட்டடத்தின் மாடிப்படியில் தீயணைப்பு வீரரின் குரல் எட்டுகிறதா என்பதையும் அதே அளவையாளர் அதே நாளில் அளந்துவிடலாம். கூடுதலாக ஒரு கருவியைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஏழையின் மாடிக்கு எது பொருந்தும்?

அமெரிக்க முறையை அப்படியே தாராவிக்கு இறக்குமதி செய்வதும் சரியாகாது. அங்கே பயன்படும் பெருக்கிக் கருவிகள் விலை மிகுந்தவை; பல மணி நேரம் தாங்கும் மின்கலமும் ஆண்டுச் சோதனையும் வேண்டுபவை. லோவர் பரேல் கோபுரவாசிகளுக்கு அது ஒரு பொருட்டல்ல. குடிசை மாற்றுக் கட்டடங்களிலோ மின்தூக்கி நின்றால் பழுதுபார்க்கவே பணம் திரட்ட முடியாமல் தவிப்போர் வசிக்கின்றனர். தீயணைப்புத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரே ஓடாத கட்டடத்தில் வயர்லெஸ் பெருக்கியின் மின்கலத்தை யார் மாற்றப் போகிறார்கள்? இரண்டே ஆண்டுகளில் அது சுவரில் தொங்கும் வெறும் பெட்டியாகிவிடும். இயங்குகிறது என்று நம்பி வீரர் உள்ளே சென்றால், இல்லாததைவிட அது ஆபத்து.

இத்தகைய கட்டடங்களுக்கு எளிய வழி உண்டு. வெளியுறையில் வரிசையாகத் துளைகள் விட்டு, தன் நீளம் முழுவதும் அலையைக் கசியவிடும் ஒருவகைக் கம்பியை மாடிப்படிக் கூண்டின் உச்சி வரை செலுத்திவிடலாம். சுரங்க ரயில் பாதைகளில் வயர்லெஸ் இயங்குவதற்குப் பயன்படும் அதே கம்பிதான். 2025 மே முதல் தாராவிக்கடியில் ஓடும் மெட்ரோ ரயிலின் பயணிகளுக்குச் சுரங்கத் தொடர்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கட்டடத்தில் அக்கம்பியின் கீழ்முனை தரைத்தளத்தில் ஒரு பூட்டிய பெட்டிக்குள் முடியும். தீயணைப்புப் படை வந்ததும் தன் வண்டியில் உள்ள ரிப்பீட்டரை அதில் இணைத்துக்கொள்ளும். கட்டடத்தில் மின்சாரம் வேண்டாம், மின்கலம் வேண்டாம். அலையை எழுப்பும் கருவி உரிமம் பெற்ற படையின் கையிலேயே இருப்பதால் தனியாருக்கு உரிமம் வழங்கும் சிக்கலும் பெரும்பகுதி குறைகிறது. அதற்கும் வசதியில்லாத பழைய கட்டடங்களில், படிக்கட்டு முகப்புகளில் கம்பிவழித் தொலைபேசி முனைகளை வைத்து, வீரர் கைப்பேசியைச் செருகிப் பேசும் பழைய முறைகூடப் பயன்படும். பழையது என்பதாலேயே அது தள்ளத்தக்கதல்ல.

சோதனைக்கும் புதிய துறை எதுவும் தேவையில்லை. 2006-ம் ஆண்டு மகாராஷ்டிரத் தீத்தடுப்புச் சட்டப்படி, கட்டடத்தின் தீயணைப்புக் கருவிகள் இயங்கும் நிலையில் உள்ளன என்று உரிமம் பெற்ற நிறுவனத்திடம் சான்று பெற்று, ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், 'பி' படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அப்படிவத்தில் ஒரு வரியைச் சேர்க்கலாம். ஆனால், பார்க்காமலேயே கையெழுத்திட்டுக் கொடுக்கப்படும் சான்றுகளில் இதுவும் ஒன்றாகிவிடாமல் இருக்க வேண்டுமானால், இந்தச் சோதனையை மட்டுமாவது அப்பகுதித் தீயணைப்பு நிலையத்தின் வீரர்களே தம் கருவிகளோடு வந்து செய்ய வேண்டும். எந்த மாடியில் குரல் அறுகிறது என்பதை அவர்கள் நேரில் தெரிந்து வைத்திருப்பதே பெரும் பயன்.

தமிழகத்துக்கும் இது தொலைதூரச் செய்தியல்ல. 1975 ஜூலையில் சென்னை அண்ணா சாலை எல்ஐசி கட்டடம் எரிந்தபோது ஏணிகள் எட்டாமல் நின்றதை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத்தின் பழமையான கலச மகால் தீயில் இடிந்தபோது தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். கோட்ட அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த காயமடைந்தார். இன்று பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் எழும் குடியிருப்புகள் எல்ஐசி கட்டடத்தைக் குள்ளமாக்கிவிட்டன. 2019-ம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேற்பட்டவற்றை உயரக் கட்டடங்கள் என்று வகுக்கின்றன. மகாராஷ்டிரம் செய்யும்வரை காத்திராமல் தமிழகமே முந்திக்கொள்ளலாம்.

மும்பையில் இதை எழுப்பும் கடமை அரசியல் கட்சிகளுக்கு உண்டு. தாராவியில் தமிழ் வாக்குகளைக் கேட்டு வராத கட்சி இல்லை. பக்கத்துச் சயான்-கோலிவாடா தொகுதியின் சட்டப்பேரவை உறுப்பினராக 2014 முதல் தமிழரான ஆர். தமிழ்செல்வனே இருந்து வருகிறார். திட்டத்தை ஆதரிப்போர், எதிர்ப்போர் என்ற வேறுபாடு இதில் குறுக்கிடத் தேவையில்லை. எதிர்த்துக் கொண்டிருக்கும்போதே கட்டடம் எழுந்துவிடும். ஆதரித்தவர்களும் அதே மாடிப்படியில்தான் இறங்கியாக வேண்டும்.

காலம் அதிகமில்லை. தாராவித் திட்டத்தின் தொடக்கக் கட்டுமானங்களுக்கு மாதுங்காவை ஒட்டிய ரயில்வே நிலம் பயன்படுத்தப்படுகிறது. மறுகுடியமர்த்தல் கட்டடங்களின் வரைபடங்கள் ஒவ்வொன்றாகத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றுக்கு வந்தாக வேண்டும். மாடிப்படிக் கூண்டு திறந்திருக்கும்போது ஒரு கம்பியை ஏற்றுவது எலெக்ட்ரீஷியனுக்குச் சில நாள் வேலை. பூச்சு முடிந்து, வீடுகள் ஒப்படைக்கப்பட்டு, மக்கள் குடியேறிய பிறகு அதே கம்பியை ஏற்றுவதென்றால் சுவரை உடைக்க வேண்டும். சங்கத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். செலவை யார் ஏற்பது என்று நீதிமன்றம் வரை செல்ல வேண்டும். தடையில்லாச் சான்றின் நிபந்தனைப் பட்டியலில் இந்த ஒரு வரியைச் சேர்க்கும் அதிகாரம் பைகுல்லாவில் உள்ள தீயணைப்புத் தலைமையகத்துக்கு இருக்கிறது. அலைவரிசைக்கான அனுமதி தில்லி சஞ்சார் பவனில் இருக்கிறது.